முகம் மறைக்கப்பட்ட மனைவி

கொலையாளியைக்கூடக் கூண்டிலேற்றி, "நீ சொல்வதென்ன?" என்று கேட்பது நீதிமன்ற நடைமுறை. அமெரிக்கத் தொலைக்காட்சியின் நகைச்சுவைத் தொடர்களிலே, மனைவியர் சிலருக்கு அந்த வாய்ப்பும் வழங்கப்படவில்லை.

1954 முதல் 1959 வரை சி.பி.எஸ். நிறுவனம் ஒளிபரப்பிய 'டிசம்பர் பிரைட்' தொடரிலே, பீட் போர்ட்டர் என்றொரு அண்டை வீட்டுக்காரர். ஹாரி மார்கன் ஏற்ற வேடம். வருவார், அமர்வார், மனைவி கிளாடிஸைத் தூற்றுவார். அடங்காப்பிடாரி அவள் என்பார். கேட்டோர் கைகொட்டிச் சிரித்தனர். கிளாடிஸ் ஒருமுறையேனும் மேடைக்கு வந்தாளா? இல்லை! பழி சுமத்தியவனே சாட்சி, அவனே தீர்ப்பாளன்!

1960-லே நடந்தது விந்தை. அதே பீட்டைத் தலைவனாக்கி 'பீட் அண்ட் கிளாடிஸ்' என்ற தனித் தொடரைத் தொடங்கினர். கதவு திறந்தது, காரா வில்லியம்ஸ் உருவிலே வந்தாள் கிளாடிஸ். பிடாரியா? குறும்பும் குழப்பமும் கலகலப்பும் கொண்ட பெண்! ஐந்தாண்டுப் பழி, முகம் தெரிந்ததும் கரைந்தது. இரண்டாண்டுகள் ஓடியது அத்தொடர்.

பழக்கம் மட்டும் போகவில்லை. 'ஃபிரேசியர்' (1993–2004) மாரிஸின் முகத்தைக் கடைசிவரை காட்டவில்லை. அதற்கு முந்திய 'சியர்ஸ்' தொடரிலோ (1982–1993), நார்ம் என்பவன் மதுக்கடையிலே அமர்ந்தபடி மனைவி வீராவை எள்ளி நகையாடுவான். 1986-லே ஒருநாள் அவளும் வந்தாள். வந்த கணமே, யாருக்கோ எறிந்த இனிப்புப் பண்டம் அவள் முகத்தை அப்பி மூடிற்று! வீராவுக்குக் குரல் தந்தவர் பெர்னடெட் பர்கெட்; நார்மாக நடித்த ஜார்ஜ் வெண்ட்டின் சொந்த மனைவி.