ஆடியோ புத்தகம்: கேட்டு முடித்ததும் பேச்சு ஏன் குரலைப் பற்றியே வருது?

ஆடியோ புத்தகத்தைக் கேட்டு முடித்தவர்கள் கதையோடு, வாசித்த குரலுக்கும் சேர்த்தே மார்க் போடுறாங்க. கொங்கு நாட்டுக் கதை என்றால் இது இன்னும் முக்கியம்.

ஒரு குரலா, பல குரலா?

பாம்பே கண்ணன் தயாரித்த கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஒலிநூலில் பலர் குரல் கொடுத்திருக்கிறார்கள். 5 பாகம், ஏராளமான பாத்திரங்கள் என்பதால், பேசுவது யார் என்று சட்டென்று பிடிபடும். சிலருக்கோ அது நாடகம் மாதிரி இருக்கும். ஒருவரே வாசித்தால்தான் புத்தகம் படித்த நிறைவு வரும்.

கொங்குத் தமிழில் என்ன சிக்கல்?

ஆர்.சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942), தமிழின் முன்னோடி வட்டார நாவல். நிலத்தில் பங்கு கேட்டுத் தொடங்கும் தகராறு கொலையில் முடியும். சினிமாவிலோ கொங்குப் பேச்சு பெரும்பாலும் காமெடிக்குத்தான் பயன்பட்டது. 'ஏனுங்க' என்பதை அதே பாணியில் இழுத்து வாசித்தால், சோகமான இடத்திலும் சிரிப்பு வந்துவிடும். கோவை, ஈரோடு காதுக்கு அது உடனே உறுத்தும்.

என்ன செய்யலாம்?

முதலில் உரையாடல் வரும் பகுதியைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்க. கருத்து சொல்லும்போது கதையையும் வாசிப்பையும் தனித்தனியா சொல்லுங்க. குரல் சரியில்லை என்பதற்காக நல்ல நாவலை யாரும் ஒதுக்க வேண்டாமே!