ஆறு பெயர்களும் ஒரு தீர்மானமும்

1975 டிசம்பர் 16. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஒரு தீர்மானம் வந்தது. உறுப்பினர்கள் கையில் அதன் அச்சுப் பிரதிகூட இல்லை. விவாதம் கிடையாது, யார் எப்படி வாக்களித்தார்கள் என்ற பதிவும் கிடையாது. நிறைவேறியது, அவ்வளவுதான். அதன் விளைவாக ஆறு பேர் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட வேண்டியவர்கள் ஆனார்கள். அவர்களில் ஒருவர் ஜகதீஷ் ராய் சத்தா.

சத்தா கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளியினர். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு 1966-இல் மாணவர் விசாவில் அமெரிக்கா வந்தவர். 1972-இல் விசா முடிந்தது. சரி, எங்கே திரும்பிப் போவது? கிழக்கு ஆப்பிரிக்க ஆசியர்கள் தாராளமாக உள்ளே வருவதை பிரிட்டன் 1968-லேயே சட்டம் போட்டுத் தடுத்திருந்தது. 1974-இல் ஒரு குடிவரவு நீதிபதி அவர் நிலையைக் கேட்டார். ஏழு ஆண்டுகளுக்கு மேல் இங்கே வாழ்ந்தவர், நன்னடத்தை உடையவர், அனுப்பினால் கடும் துன்பத்துக்கு ஆளாவார் என்று கண்டு நாடு கடத்தலை நிறுத்திவைத்தார். பெயரில்தான் 'நீதிபதி'. உண்மையில் அவர் அதிபரின் கீழ் இயங்கும் நீதி அமைச்சகத்தின் அதிகாரி. ஆக, முடிவெடுத்தது நிர்வாகம்.

அப்புறம் சபை எப்படி நடுவில் வந்தது? முன்பெல்லாம் இப்படி ஒருவரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் காங்கிரஸ் அவர் பெயரிலேயே தனிச் சட்டம் இயற்ற வேண்டும். அது பெரிய வேலை. எனவே அந்த அதிகாரத்தை நிர்வாகத்திடம் ஒப்படைத்தார்கள். ஆனால் 1952 குடிவரவுச் சட்டத்தில் ஒரு பிடியை வைத்துக்கொண்டார்கள்: இரு சபைகளில் ஏதேனும் ஒன்று தீர்மானம் போட்டால் நிர்வாகத்தின் முடிவு ரத்தாகும். மென்பொருள்காரர்களுக்கு இது எளிதில் புரியும். வேலையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, அழிக்கும் பொத்தானை மட்டும் நம்மிடம் வைத்துக்கொள்வது. இதைச் 'சட்டமன்ற வீட்டோ' என்றார்கள். 1930-களில் தொடங்கிய பழக்கம் இது. 1980-களுக்குள் ஏறத்தாழ 200 சட்டங்களில் நுழைந்துவிட்டது.

340 பேரின் கோப்புகளைப் பார்த்ததாகவும், இந்த ஆறு பேருக்கு மட்டும் போதுமான துன்பம் இல்லை என்றும் குழுவின் சார்பில் சபையில் சொன்னார்கள். ஏன் என்ற விளக்கம் சத்தாவுக்குக் கிடைக்கவில்லை.

அவர் நீதிமன்றம் போனார். அங்கே ஒரு வேடிக்கை. எதிர்த்தரப்பான குடிவரவுத் துறையும் அந்தச் சட்டப்பிரிவு செல்லாது என்றே சொன்னது. பிடி போனால் நிர்வாகத்துக்கு லாபம்தானே! எனவே இரு சபைகளும் தாமே வழக்கில் இறங்கித் தம் அதிகாரத்தைக் காக்க வாதாடின. நாடாளுமன்ற முறைக்குப் பழகிய நமக்கு இது விசித்திரமாகத் தெரியும். அங்கே சபையின் பெரும்பான்மையே அரசாங்கம். இங்கே இரண்டும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு எதிரெதிரே நிற்கின்றன.

1983 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம் 7–2 என்று தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி வாரன் பர்கர் எழுதிய தீர்ப்பின் சாரம் எளிமையானது. ஒருவரின் சட்ட உரிமையை மாற்றும் செயல் சட்டம் இயற்றுவதற்குச் சமம். அதற்கு அரசியலமைப்பு ஒரே வழியைத்தான் வகுத்திருக்கிறது: இரு சபைகளும் நிறைவேற்ற வேண்டும், பிறகு அதிபரின் மேசைக்குப் போக வேண்டும். ஒரு சபை தனியாகச் செயல்படக்கூடிய இடங்கள் நான்கே: பதவிநீக்கக் குற்றம் சாட்டுவது, அதை விசாரிப்பது, நியமனங்களுக்கு ஒப்புதல், ஒப்பந்தங்களுக்கு ஒப்புதல். சத்தாவை அனுப்புவது இந்தப் பட்டியலில் இல்லை. அவரை வெளியேற்றும் உத்தரவு விழுந்தது.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். ஆனால் நீதிபதி பைரன் வைட் தன் மாறுபட்ட தீர்ப்பில் எச்சரித்தார்: நிர்வாகத்திடம் இவ்வளவு அதிகாரத்தைக் கொடுத்துவிட்ட காலத்தில் அதைக் கட்டுப்படுத்தும் கருவியைப் பறிக்கிறீர்கள். 1976 தேசிய அவசரநிலைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதிபர் அறிவிக்கும் அவசரநிலையை இரு சபைகளும் சேர்ந்து தீர்மானம் போட்டாலே முடித்துவிடலாம் என்றிருந்தது. சத்தா தீர்ப்புக்குப் பிறகு அது செல்லாதென்று 1985-இல் திருத்தினார்கள். இப்போது அந்தத் தீர்மானமும் அதிபரின் மேசைக்குப் போயாக வேண்டும். அதாவது, யாரைத் தடுக்கிறோமோ அவரிடமே கையெழுத்துக் கேட்க வேண்டும்.

2019-இல் அதுதான் நடந்தது. எல்லைச் சுவருக்காக டிரம்ப் அவசரநிலை அறிவித்தார். பிரதிநிதிகள் சபை 245–182, செனட் 59–41 என்று அதை நிராகரித்தன. அவர் சொந்தக் கட்சி செனட்டர்கள் 12 பேரும் எதிர்த்தார்கள். மார்ச் 15 அன்று டிரம்ப் வீட்டோ செய்தார். அதை முறியடிக்க மூன்றில் இரு பங்கு வேண்டும். பிரதிநிதிகள் சபையில் கிடைத்தது 248–181. போதவில்லை.

எந்த விதி ஒரு தனிமனிதனை ஒற்றைச் சபையின் அலட்சியத்திலிருந்து காத்ததோ, அதே விதிதான் இரு சபைகளின் பெரும்பான்மையையும் ஓர் அதிபர் முன் கைகட்டி நிற்க வைத்தது. அதற்காக 1983 தீர்ப்பு தவறென்று நான் சொல்லமாட்டேன். அச்சிடாத ஒரு தாளால் ஒருவரின் வாழ்க்கையை முடிவு செய்யக்கூடாது. ஆனால் அதிகாரத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, பிடி நம் கையில்தானே என்று நிம்மதியாக இருந்த காங்கிரஸ், பிடி போன பின்னும் கொடுத்த அதிகாரத்தைத் திரும்ப வாங்கவில்லை. அதை நீதிமன்றம் தடுக்கவில்லையே.