கப்பலேறி வந்த வெள்ளித்தேர்

நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கணக்கேட்டில் முருகனுக்கும் ஒரு பற்று வரவு உண்டு. அதற்கு மகமை என்று பெயர். கொடுக்கல் வாங்கலில் சாமிக்கென்று ஒரு பகுதியை எடுத்து வைப்பது. கடல் தாண்டிப் போன ஊரில் முதலில் கிட்டங்கி என்னும் வியாபாரக்கூடம், பிறகு தண்டாயுதபாணிக்கு ஒரு கோயில். பர்மாவிலும் சிங்கப்பூரிலும் நடந்தது இதுதான்.

பினாங்கில் அந்தக் கோயில் 1857இல் எழுந்தது. இடம், அருவி விழும் மலையின் அடிவாரம். நம்மவர்கள் அதைத் தண்ணீர்மலை என்றார்கள். வானளாவிய கோபுரம் எதுவும் இல்லை. பார்த்தால் செட்டிநாட்டு வீடு ஒன்றைத் தூக்கிவந்து வைத்ததுபோல் இருக்கும்.

ஒரே ஒரு சிக்கல். வியாபாரம் ஜார்ஜ் டவுன் கடைவீதியில்; சாமியோ ஊருக்கு வெளியே. பினாங்கு வீதியில் கோவில் வீடு ஒன்று வைத்து, அங்கிருந்து தைப்பூசத்துக்கு முருகனை மலையடிக்கு அழைத்துப் போனார்கள். அழைத்துப் போக வாகனம் வேண்டுமே! காரைக்குடியில் வெள்ளியில் தேர் செய்தார்கள். 1894இல் அது ‘ரோனா’ என்ற கப்பலில் பினாங்குக்கு வந்து இறங்கியது. அந்தக் காலத்துக் கூலிக்காரரும் வட்டிக்கடைக்காரரும் வந்த அதே கடல்வழிதான். சாமியின் தேருக்கும் வேறு வழி ஏது?

தேர் நகரும் தெருவெல்லாம் தேங்காய்க் குவியல். அதில் பெரும்பகுதியைச் சீனர்கள் உடைக்கிறார்கள். பக்தியில் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் செட்டியாரிடம் கடன் வாங்கித் தொழில் நடத்திய சீன வியாபாரிகள் அந்தக் காலத்தில் ஏராளம். கடன் கொடுத்தவரின் சாமிக்கு ஒரு தேங்காய் உடைப்பதில் தவறென்ன என்று தொடங்கியிருக்கலாம் என்பது என் ஊகம்.

நகரத்தாருக்கு முன்பே ஊரில் மாரியம்மன் இருந்தாள். குயின் வீதியில் 1801இல் கிடைத்த நிலத்தில் சிறு சன்னதியாக இருந்தது, 1833இல் கோயிலானது. இன்று அது அருள்மிகு மகாமாரியம்மன் கோயில். அங்கிருந்து 2017 முதல் முருகனின் வேலைத் தாங்கித் தங்கத்தேர் ஒன்றும் கிளம்புகிறது. பினாங்கு இந்து அறப்பணி வாரியம் செய்வித்தது. அது போய்ச் சேருவது நகரத்தார் கோயிலுக்கு அல்ல; அதே தண்ணீர்மலையின் மேல் இருக்கும், 513 படிகள் கொண்ட முருகன் கோயிலின் அடிவாரத்துக்கு.

தேர் பார்க்க நினைப்பவர்கள் தைப்பூசத்துக்கு முதல் நாள் விடியுமுன்பே பினாங்கு வீதிக்குப் போய்விடுங்கள். பூசத்தன்று போனால் வெள்ளித்தேர் தெருவில் இருக்காது. சாமி தண்ணீர்மலைக் கோயிலில் இருப்பார்.