புராஸ்டேட் அறுவை: உயிருக்குக் கொடுத்த விலை

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கும் சுரப்பிதான் புராஸ்டேட். அதில் புற்றுநோய் வந்தால் சுரப்பியையே முழுதாக அகற்றும் அறுவை சிகிச்சையை 1904ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹியூ ஹாம்ப்டன் யங் செய்தார். உயிர் பிழைக்க வழி கிடைத்தது. ஆனால் அதற்கு விலை இருந்தது. அறுவை செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய எல்லோருமே ஆண்மையை இழந்தார்கள். பலரால் சிறுநீரை அடக்க முடியவில்லை.

1941ல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் வேறு வழி கண்டார். ஆண் ஹார்மோனைக் குறைத்தால் பரவிய புற்றும் சுருங்கும் என்று காட்டினார். 1966ல் நோபல் பரிசும் பெற்றார். இதிலும் உடல் திடீரென்று கொதிப்பது, ஆசை குறைவது போன்ற தொல்லைகள் உண்டு.

ஆண்மைக்கான நரம்புகள் சுரப்பியின் ஊடே போகின்றன, அவற்றைக் காப்பாற்ற முடியாது என்றே மருத்துவர்கள் நினைத்திருந்தார்கள். 1981ல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் ஓய்வுபெற்ற பேராசிரியர் பீட்டர் டோங்கரை பாட்ரிக் வால்ஷ் சந்தித்தார். இறந்து பிறந்த குழந்தையின் உடலை இருவரும் ஆராய்ந்தபோது, அந்த நரம்புகள் சுரப்பிக்கு வெளியே ஓடுவது தெரிந்தது! 1982 ஏப்ரல் 26ல் வால்ஷ் நரம்பைக் காத்து முதல் அறுவையைச் செய்தார். அந்த நோயாளி ஒரு வருடத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பினார்.

சிறுநீர்க் கசிவுக்கு உதவியது 1948ல் ஆர்னால்ட் கெகல் பிரசவித்த பெண்களுக்காக எழுதிய இடுப்புத்தசைப் பயிற்சி. இன்று ஆண்களுக்கும் அதையே சொல்லித்தருகிறார்கள்.

புற்று நரம்பை ஒட்டியிருந்தால் இன்றும் நரம்பை விட்டுவைக்க முடியாது. ஆகவே இதையெல்லாம் கூச்சப்படாமல் அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.