கற்பிட்டிக் கரையும் நட்சத்திரப் படமும்

1871 டிசம்பர் 12ஆம் திகதி பூரண சூரியகிரகணத்தின் நிழல் தென்னிந்தியாவைக் குறுக்கே கடந்து யாழ்ப்பாணத்தின் மீதும் திருகோணமலையின் மீதும் விழுந்தபோது, புத்தளத்திலும் கற்பிட்டியிலும் தெரிந்தது பார்சுவ கிரகணமே. அன்று இந்தியாவின் மேற்குக் கரையோரப் பேக்கலில் சூரியனின் ஒளிமகுடத்தைப் படமெடுத்தவர்கள் கையாண்டது ஈரத்தகடு. பூசிய மருந்து உலருமுன் படத்தையும் எடுத்துக் கழுவியும் விடவேண்டும். உஷ்ண தேசத்தில் அதற்குக் கிடைப்பது சில நிமிஷ அவகாசம். கிரகணத்துக்கு அது தாராளம். மங்கிய நட்சத்திரங்களுக்கோ ஒரு மூலைக்கும் காணாது.

உலர்தகடு வந்த பிறகே இரவு வானம் வசப்பட்டது. 1882இல் பெரும் வால்நட்சத்திரம் தோன்றியபோது, நன்னம்பிக்கை முனையின் அரச வானாய்வு நிலைய அதிபர் டேவிட் கில்லிடம் அதைப் படம்பிடிக்கத் தக்க கமரா இல்லை. அவ்வூரில் மனிதர் முகங்களைப் படமெடுத்துப் பிழைத்த அல்லிஸ் என்பவர் தம் கமராவைக் கொண்டுவர, பூமியின் சுழற்சிக்கு ஈடாகத் திரும்பும் தொலைநோக்கியின்மேல் அதைக் கட்டி, இரண்டு மணி நேரத்துக்கு மேலும் திறந்துவைத்துப் பார்த்தார்கள். வால்நட்சத்திரத்தோடு அதன் பின்னிருந்த நட்சத்திரக் கூட்டமும் தகட்டில் பதிந்திருந்தது. அதுகண்டு பிறந்த எண்ணமே, பின்னர் ஒல்லாந்த வானியலாளர் காப்டெய்னின் உழைப்பால் 4,54,875 தென்வான நட்சத்திரங்களின் அட்டவணையாயிற்று. கண்ணாடியின் பெருமையைக் காட்டிலும் சுழற்சியை வென்ற யுக்தியே அங்கே பலித்தது என்பது என் அபிப்பிராயம்.

அவ்வாறு வானோடு திரும்பும் யந்திரமில்லாதவர் முக்காலியோடு திருப்திப்படவேண்டும்: வானம் மணிக்கு 15 பாகை நகர்வதால், 50 மில்லிமீற்றர் வில்லையில் ஏறக்குறைய 10 விநாடிக்கு மேல் திறந்தால் நட்சத்திரம் புள்ளியாக நில்லாமல் கோடாகிவிடும். கோட்டையே விரும்புகிறவருக்குக் கற்பிட்டி உகந்த ஸ்தலம். ஏறக்குறைய 8 பாகை வட அட்சத்தில் இருப்பதால் துருவன் அடிவானத்தை ஒட்டியே நிற்க, அவனைச் சுற்றும் வட்டங்களில் பெரும்பாலானவை பாதியில் கடலுக்குள் மறைகின்றன. தெற்கே வைகாசியின் முன்னிரவில் தென்சிலுவையும் தெளிவாகத் தெரிகிறது.

ஆனால் ஆகாயகங்கையின் நடுப்பகுதி முன்னிரவிலேயே உயரும் ஆனி, ஆடி மாதங்களில் இக்கரையில் சோளகம் பலமாக வீசி முக்காலியை அசைத்துவிடும். வில்லையில் உப்பும் படியும். காற்று அடங்கிய பங்குனியில், விடியுமுன் எழுந்து போகிறவருக்கே அந்த நடுப்பகுதியின் படம் வாய்க்கும். தென்வானப் படத்துக்கு மற்றொரு விக்கினம் 2011 முதல் இயங்கும் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் வெளிச்சம். கற்பிட்டியிலிருந்து பார்க்க அது தெற்கிலேயே இருப்பதால், தென்சிலுவையை நாடுகிறவர் அதையும் தாண்டி உடப்புக் கரைவரை போவது உசிதம்.