வேர்ப் பங்கசு: ஹவார்டின் வாசிப்பும் கோப்பாய்ச் செம்மண்ணும்

சேதனப் பசளையின் பெருமை பேசப்படும் இடங்களில், அவர் பெயர் சொல்லப்படாமலே, ஆங்கிலேய வேளாண் அறிஞர் சேர் அல்பேர்ட் ஹவார்டின் குரல் இன்றும் ஒலிக்கிறது. 1940இல் வெளிவந்த ‘அன் அக்ரிகல்ச்சரல் டெஸ்டமென்ட்’ நூலில் அவர் சொன்னது இது: மண்ணின் உக்கலுக்கும் பயிரின் சாற்றுக்கும் நடுவே பங்கசு உயிருள்ள பாலமாக நிற்கிறது. அது உக்கலை உண்டு வேர்க்கலத்துள் நுழைகிறது. வேர் அதைச் செரித்துப் புரதத்தை எடுத்துக்கொள்கிறது. அசேதனப் பசளை இட்டால் பாலம் தகர்கிறது. ஹவார்டின் அவதானிப்புகளில் பாதியை ஏற்கலாம். ‘செரித்தல்’ என்ற விளக்கத்தை ஏற்க முடியாது.

ஹவார்டின் 1931ஆம் ஆண்டு நூல் இந்தோரில் அவர் உருவாக்கிய உரக்குழி முறையைப் பற்றியது. வேர்ப் பங்கசு அதன் மையப்பொருளன்று. 1937–38இல் அவர் இந்திய, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். அங்கிருந்து அனுப்பப்பட்ட வேர்களை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து சொன்னவர் இங்கிலாந்தில் மரக்கன்றுகளில் வேலைசெய்த கலாநிதி ரேய்னர். உக்கல் பற்றிய கொள்கை பங்கசுக் கொள்கையாக மாறிய ஆண்டைத் துல்லியமாகக் குறிக்க இயலவில்லை. தேயிலைப் பயணமே திருப்பம் என்று கருதத் தோன்றினாலும், இவ்விரு நூல்களுக்கும் இடைப்பட்ட காலம் என்பதற்கு மேல் வற்புறுத்தமாட்டேன்.

1940ஆம் ஆண்டு நூலில் வேர்ப் பங்கசு காணப்பட்ட பயிர்களின் நிரல் ஒன்று வருகிறது. இறப்பர், கோப்பி, கொக்கோ, தென்னை, ஏலம், வாழை, பருத்தி, கரும்பு என்று அது நீள்கிறது. பனை அதில் இல்லை. தோட்டத்துரைமார் அனுப்பக்கூடிய வேர்கள்தாம் அந்த நிரலை ஆக்கின என்பது என் ஊகம். தென்னைக்கு வேர்த்தூவி கிடையாது; பனைக் குடும்பத்தில் இது பரவலான இயல்பு. தூவியற்ற தடித்த வேருக்குப் பங்கசிழையே நீண்ட கை. அதாவது, ஹவார்டின் கருத்துக்கு வலுவான சாட்சியாக நின்றிருக்கக்கூடிய பனை அவர் நிரலுக்கு வெளியே நின்றது.

இனிச் செரித்தலுக்கு வருவோம். கலத்துள் மரம்போலக் கிளைக்கும் பங்கசுப் பகுதி சில நாள்களில் சுருங்கி அழிவது உண்மை. ஹவார்ட் அதை உணவாகப் படித்தார். 2007இல் மெடிக்காகோ என்ற அவரையினச் செடியில் செய்த ஆய்வு வேறு கதை சொல்கிறது. பங்கசு தரும் பொசுபேற்றை உள்வாங்கும் கடத்தியை இழந்த செடியில் அந்தக் கிளைகள் உரிய காலத்துக்கு முன்பே அழிந்தன. கொடுக்கல் வாங்கல் உயிருள்ள மென்சவ்வுக்கு ஊடாக நடக்கிறது. அழிவு அது நின்றதன் விளைவு. 2013இல் வெளியான இவ்வகைப் பங்கசு ஒன்றின் மரபணுத்தொகுதியில் தாவரக் கலச்சுவரைச் சிதைக்கும் நொதியங்கள் மிகக் குறைவாகவே இருந்தன. உக்கலைத் தின்று பிழைக்கும் வகை இதுவல்ல. 2017இல் தெரியவந்தது இன்னும் கூர்மையானது: பங்கசுக்குக் கொழுப்பமிலத்தையும் செடியே ஊட்டுகிறது. ஒளித்தொகுப்பில் கிடைத்த காபனில் ஐந்தில் ஒரு பங்குவரை இவ்வழியே போகலாம் என்பது வழக்கமான மதிப்பீடு. செடியின் அனுசேபமும் மாறுகிறது: பங்கசு குடியேறிய வேர் தன் சொந்தப் பொசுபேற்று வழியைத் தணித்துக்கொள்வதுண்டு.

அசேதனப் பசளை பங்கசைக் குறைக்கும் என்று ஹவார்ட் சொன்னது பொசுபேற்றைப் பொறுத்தவரை சரிதான். காரணத்தைத்தான் பிழையாகச் சொன்னார். பொசுபரசு நிறைந்த செடி, பங்கசைக் கிளைக்கத் தூண்டும் சமிக்ஞையைக் குறைத்துக்கொள்கிறது. அந்தச் சமிக்ஞைப் பொருள் 2005இல் இனங்காணப்பட்டது. பசளை பங்கசை நஞ்சூட்டுவதில்லை, செடியே கதவைச் சாத்துகிறது.

யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் இது வெறும் ஏட்டுப் பூசலன்று. செம்மண்ணின் இரும்பு ஒட்சைட்டும் அடியிலுள்ள சுண்ணாம்புக்கல்லின் கல்சியமும் பொசுபேற்றை இறுகப் பிடித்துவைக்கின்றன. வேரைச் சுற்றி ஓரிரு மில்லிமீற்றரில் அது தீர்ந்துவிடும். இழைகள் சில சென்ரிமீற்றர் எட்டும். பூவரசு, வேம்புக் குழை தாழ்க்கும் பழக்கத்தை ஹவார்ட் கண்டிருந்தால் பங்கசுக்கு இட்ட சோறு என்றிருப்பார். என் வாசிப்பில், குழையை உக்கவைப்பவை பற்றீரியாவும் வேறு பங்கசுகளும். வேர்ப் பங்கசு அவை விடுவித்ததைப் பொறுக்கிக் கொண்டுவருகிறது.

அப்படியானால் அதற்கு வேண்டியது உயிருள்ள வேர். இங்கே சான்று மெல்லியது. ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். குயின்ஸ்லாந்தில் நெடுங்காலம் தரிசாக விட்ட வயலில் பங்கசு அருகிப் பயிர் நலிந்ததை ஆய்வாளர் தொம்சன் 1987இல் காட்டினார். கோவாவும் பீற்றூட்டும் இப்பங்கசுக்கு இடங்கொடாதவை. வெங்காயமோ அதை வெகுவாக நம்பியிருப்பது. பீற்றூட்டுக்குப் பின் வெங்காயம் நடும் துண்டில், அறுவடையிலும் வெட்டப்படாத வேர் ஓரத்துக் கிளுவை, பூவரசு வேலிகளுடையதே. அந்த வேர்களில் பங்கசு தங்கிப் புதுப்பயிருக்குப் பரவுகிறது என்பது என் வாதம். வேலியடி வரிசையையும் துண்டின் நடு வரிசையையும் ஒரே நாளில் பிடுங்கிச் சாயமிட்டுப் பார்த்தால் வாதம் நிற்கும், அல்லது விழும். உயிர்வேலிக்குப் பதிலாகச் சீமெந்து மதில் கட்டிய துண்டுகளையும் அந்த ஒப்பீட்டில் சேர்க்க வேண்டும்.