அலை வந்த நேரம்

கல்முனைக் கரையில் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் ஊருக்குள் புகுந்தது எத்தனை மணிக்கு? மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊர் ஊராய்க் கேட்டாலும், எட்டரை என்பார் ஒருவர். ஒன்பதை நெருங்கிவிட்டது என்பார் மற்றொருவர். உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓடியவர் கடிகாரம் பார்த்தாரில்லை. அது அவர் குற்றமுமன்று.

ஆயின், சுமாத்திராவின் மேற்குக் கரைக்கப்பால் கடலடி நிலம் பிளந்த நேரத்தை உலகம் அறியும். அன்றைய இலங்கை நேரப்படி காலை 6 மணி 58 நிமிடம் 53 விநாடி. நிலம் அதிர்ந்த கணம் விநாடி பிசகாமற் பதிவாயிற்று. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட மக்கள் மாண்ட கணமோ 'ஏறத்தாழ' என்னும் சொல்லுக்குள் அடங்கிப்போயிற்று. இந்த வேறுபாடு எப்படி வந்தது என்பதையே இங்கு ஆராய முற்படுகிறோம்.

இது புதிய துயரமன்று. 1883 ஓகஸ்ட் 27இல் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபோதும் இலங்கைக் கரையிற் கடல் ஏறி இறங்கியது. கிழக்கில் பாணமைப் பக்கம் பெண்ணொருத்தி அலையிற்பட்டு இறந்ததாகக் குறிப்புண்டு. அவ்வெடிப்பின் நேரத்தைக் கணிக்க அறிஞர்க்கு உதவியது, பத்தேவியா நகரத்து எரிவாயு ஆலையில் அமுக்கத்தைத் தானே கோடிட்டுவந்த ஒரு கருவி. ஆனால் அக்காலத்தில் ஒவ்வொரு நாடும், ஏன், ஒவ்வொரு பட்டினமும் தன்தன் சூரியனை நம்பியே மணி பார்த்தது. கிறீனிச்சை உலகுக்குப் பொது அடிப்படையாகக் கொள்ள வாசிங்டன் மாநாடு இசைந்தது அடுத்த ஆண்டில், 1884இலேதான்.

பொது நேரம் வந்தபின் குழப்பம் தீர்ந்ததோ? இல்லை. கடிகாரத்தின் முள் ஆட்சியாளர் கைக்கு மாறியது. 1906இல் இலங்கையின் நேரம் கிறீனிச்சுக்கு ஐந்தரை மணி முந்தியதாக வகுக்கப்பட்டது. 1942இல், போரை முன்னிட்டு அது இருமுறை முன்னே தள்ளப்பட்டது, 1945இல் மீண்டது. 1996 மே மாதம், வரட்சியால் மின்சாரம் தட்டுப்பட, ஒரு மணி நேரம் கூட்டப்பட்டது. ஒக்டோபரில் அதில் அரைமணி குறைந்தது. விடுதலைப் புலிகளின் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளோ அம்மாற்றத்தை ஏற்கவில்லை. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கை எழுவான்கரை என்றும் மேற்கைப் படுவான்கரை என்றும் ஞாயிற்றை வைத்துப் பெயரிட்ட மக்கள், வாவியைக் கடந்ததும் கைக்கடிகாரத்தை அரைமணி பின்தள்ள வேண்டியவராயினர். 2006 ஏப்ரலில் அரசு பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை நிலைமை இதுவே. ஆக, அலை வந்த அன்று ஒரே கரைக்கு இரண்டு நேரங்கள் இருந்தன. "எட்டு மணிக்கு" என்று ஒருவர் சொன்னால், எந்த எட்டு மணி என்றும் கேட்டாக வேண்டும்.

இந்நிலையில், அன்று பிடிக்கப்பட்ட நிகழ்படங்கள் சாட்சி சொல்லாவோ? ஓரளவு சொன்னதுண்டு. பந்தா ஆச்சே நகரில் தப்பியவர்கள் பிடித்த படங்களைச் சட்டம் சட்டமாக அளந்து, வெள்ளம் விநாடிக்கு 2 முதல் 5 மீற்றர் வேகத்தில் ஓடியதென ஆய்வாளர் கண்டனர். அவ்வாய்வு 2006இல் வெளிவந்தது. நம் நாட்டு முறையில் விநாடிக்கு 25 சட்டங்கள். ஒன்றுக்கும் மற்றதற்கும் 40 மில்லிவிநாடி. இடைவெளியைக் கமெரா நன்கறியும். ஆனால் அது எந்த நாளின் எந்த விநாடி என்பதை, உரியவர் கையால் திருப்பிவைத்த அதன் கடிகாரத்தைக் கொண்டு உறுதியாகச் சொல்ல இயலாது.

இக்குறையைத் தீர்ப்பதே செய்மதிக் கடிகாரம். ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுழலும் செய்மதிகள் ஒவ்வொன்றும் அணுக்கடிகாரம் சுமப்பன. ஐன்ஸ்டைன் கோட்பாட்டின்படி அவை நிலத்துக் கடிகாரங்களைவிட நாளொன்றுக்கு 38 மைக்குரோவிநாடி முந்துமாதலால், அதையும் கழித்தே அமைத்துள்ளனர். நான்கு செய்மதிகளின் குரலைக் கேட்கும் சிறு வாங்கி, தன் இடத்தையும் நேரத்தையும் ஒருங்கே கணித்து, விநாடிக்கொரு துடிப்பை வெளியிடுகிறது. அத்துடிப்பைக் கொண்டு படத்தின் ஒவ்வொரு சட்டத்திலும் நேரத்தைப் பொறிக்கலாம். சிறுகோள் ஒன்று விண்மீனை மறைக்கும் கணத்தைப் பதிய விழையும் தொழில்சாரா வானியலாளர் இம்முறையைக் கையாள்கின்றனர். எச்சரிக்கையும் வேண்டும்: செய்மதி நேரம் உலகப் பொது நேரத்துக்கு 18 விநாடி முந்தியது. அதைக் கழிக்க மறந்தாலும், கமெராவின் உள்தாமதத்தைக் கணக்கிடாது விட்டாலும், கடிகாரம் மெய் சொல்லப் படம் பொய் சொல்லும்.

இக்கருவி போருக்கெனப் பிறந்தது என்பதை நாம் மறக்கவில்லை. அமெரிக்கப் படைத்துறை ஆக்கிய அதன் முழுத் துல்லியம் பொதுமக்களுக்குக் கிட்டியது 2000 மே மாதத்திலேதான். எனினும் விண்ணிலிருந்து வரும் அத்துடிப்புக்கு இன்று எவரும் கூலி கேட்பதில்லை. அறிவு பொதுவுடைமையானால் ஏழையின் சாட்சியும் எடுபடும்.

முஸ்லிம் உலகுக்கு இது அந்நியமான கலையுமன்று. பள்ளிவாசல்களில் தொழுகை வக்துகளைக் கணிக்க முவக்கித் என்னும் நேரக்கணிப்பாளர் இருந்தனர். பதினான்காம் நூற்றாண்டின் பேரறிஞர் இப்னு ஷாதிர் திமிஷ்கு நகரப் பெரும்பள்ளியில் அப்பணியையே செய்தார். சரியான நேரம் மக்களுக்கு உரியது என்பதே அப்பணியின் பொருள்.

நேரத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம்? ஏழு மணிக்கு நிலம் அதிர்ந்தது. எட்டரையை அண்டி அலை வந்தது. நடுவில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. கரையோரக் குடில்களிலிருந்து ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளூருக்கு நடக்க அத்தனை நேரம் வேண்டியதில்லை. அந்நேரத்தில் கரைக்கு ஒரு சொல்லும் வந்து சேரவில்லை. இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை அமைப்பும் அன்று இருக்கவில்லை. மாண்டவர் 'விதிப்படி' மாண்டார் என்று பேசி முடித்துவிடுவோர்க்கு, மணியும் நிமிடமும் விநாடியுமே மறுமொழி.

இன்று கரையூர் வீடுதோறும் கமெராப் பேசி இருக்கிறது. ஆனால் எடுத்த படம் வாட்சப்பிற் கைமாறும்போது அதனுள்ளிருந்த நேரக்குறிப்பு உதிர்ந்துவிடுகிறது. ஆகவே மூலப்பிரதியைக் காப்போம். மீன்பிடித் துறைகளிலும் பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் செய்மதி நேரம் பொறிக்கும் கண்கள் கடலை நோக்கி விழித்திருக்க வழிசெய்வோம். அடுத்த முறை கடல் பொங்கினால், நிலத்தின் நேரத்தோடு மனிதரின் நேரமும் வரலாற்றில் ஏறட்டும்.